நல்லக்கண்ணுவின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

2013 ஆகஸ்ட் 19: முதற்பதிப்பு. பக்கம் 216, பிரதி 600.
2014 ஜூன் 11: பக்கம் 143. போன பெயர்கள் 1,412.
2014 முதல் 2024 வரை: அஞ்சலட்டை 11, பதில் 11.
2019 நவம்பர் 22: மாவட்டம் பிரிந்தது. திருத்த வேண்டிய இடம் 38.
2025 ஜனவரி 31: கோப்பு அனுப்பியது. மாற்றிய இடம் 311.
2025 பிப்ரவரி 10: மீண்டும் அனுப்பியது. சரிசெய்த இடம் 217.
2025 மார்ச் 24: திருத்திய இரண்டாம் பதிப்பு. பக்கம் 288, பிரதி 500.

இலஞ்சி நல்லக்கண்ணு புத்தகம் எழுதியவர் என்று சொன்னால் குற்றாலத்தில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மீதிப்பேர், எந்தக் கோயிலைப் பற்றி என்று கேட்பார்கள். கோயிலைப் பற்றி இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பற்றி. பெயர், ஊர், தேதி, கைப்பேசி எண் எல்லாவற்றையும் கணினிக்குள் வரிசையாக அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள் அது. அதைப் பழகுவது எப்படி என்று, தான் வேலை பார்க்கிற லாட்ஜையே உதாரணமாக வைத்து, தமிழில் இருநூற்றுப் பதினாறு பக்கம் எழுதினார்.

அவர் பிறந்தது 1964. பி.காம். முடித்து, 1988 ஜூன் முதல் தேதி ஐந்தருவிச் சாலையில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் கணக்கராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே மேலாளர். முதலாளி 2006இல் ஒரு கணினி வாங்கி, அதன் மேல் பூத்துண்டு போர்த்தி வைத்திருந்தார். மூன்று வருடம் அந்தத் துண்டை யாரும் எடுக்கவில்லை. 2009 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, சீசன் கூட்டம் நெரிந்த நாளில், சாரல் அடித்து வரவேற்பு மேசையிலிருந்த பதிவேட்டின் மை கரைந்தது. பதினான்காம் எண் அறைக்கு மதுரைக் குடும்பம் ஒன்றும் கோவில்பட்டிக் குடும்பம் ஒன்றும் வந்து சேர்ந்தன. இரண்டு வீட்டு ஆண்களும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த கோலத்தில், அரை மணி நேரம் வராந்தாவில் நின்று நியாயம் கேட்டார்கள். மறுநாள் நல்லக்கண்ணு துண்டை எடுத்தார்.

நான்கு வருடத்தில் அவர் அந்த மென்பொருளைக் கரைத்துக் குடித்துவிட்டார். பக்கத்து லாட்ஜ்காரர்கள் வந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தார். தாள்கள் சேர்ந்து புத்தகமாயின. தென்காசியில் அச்சகம் வைத்திருந்த முகம்மது மீரான் அதைப் போட்டார். அதற்கு முன் அவர் போட்டவை சமையல் குறிப்பு ஒன்று, ஓட்டுநர் உரிமத் தேர்வுக் கையேடு ஒன்று. இது மூன்றாவது.

இனி நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்துக்கு வருவோம். ஏற்கெனவே பதிந்திருக்கிற ஒரு விவரத்தை மாற்றுவது எப்படி என்பது அந்தப் பக்கம். கட்டளை மூன்று வரி. எந்த அட்டவணையில் மாற்ற வேண்டும் என்பது முதல் வரி. என்னவாக மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. யாருக்கு மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியை விட்டுவிட்டால், மென்பொருள் மறுபேச்சுப் பேசாமல் எல்லோருக்கும் மாற்றிவிடும். "இந்த வரியை ஒருநாளும் மறக்கக் கூடாது" என்று கட்டளைக்குக் கீழே தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கை அச்சானது. வரி அச்சாகவில்லை. பக்கம் கட்டும்போது எங்கேயோ உதிர்ந்திருக்கிறது. மெய்ப்புப் பார்க்க வேண்டிய வாரம் சீசன் வாரம். நல்லக்கண்ணு நூற்று நாற்பது வரை பார்த்தார், மீதியைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஜூனில் லாட்ஜுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகள் மாஜிதா எழுதியிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. கடைக்கு வருகிற விவசாயிகளின் பெயர்களை எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே கணினியில் ஏற்றியவள்.

"ஐயா, டெம்போ ஓட்டுகிற சுடலைராஜின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. தங்கள் புத்தகத்தின் 143ஆம் பக்கத்தை அப்படியே அடித்துத் திருத்தினேன். இப்போது எங்கள் கடைக்கு முருங்கைக்காய் கொண்டுவருகிற ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் சுடலைராஜ்."

மூன்று மணி நேரம் கழித்துத்தான் அவள் அதைக் கவனித்திருக்கிறாள். அதற்குள் அச்சாகிப் போன சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர். சந்தையில் சுமை தூக்குபவர்கள் அன்று முழுக்க, வந்த விவசாயிகளையெல்லாம் சுடலைராஜ் என்றே கூப்பிட்டார்கள். அசல் சுடலைராஜ் கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். கடை முதலாளியான அவளுடைய அத்தா பழைய கையெழுத்துப் பேரேட்டை எறியாமல் வைத்திருந்ததால் பிழைத்தார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து பெயர்களைத் திரும்ப ஏற்றினாள்.

நல்லக்கண்ணு அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு நோட்டில் தேதியும் எண்ணிக்கையும் குறித்தார். திருத்திய பதிப்பு விரைவில் வரும், அதில் 143ஆம் பக்கம் சரியாக இருக்கும் என்று பதில் எழுதினார். அன்றிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் முடிக்க வேண்டிய வேலை என்று ஒன்று இருந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள், பத்து வருடம் ஆக்கினார் என்பார்கள். சரியான கணக்கு பத்து வருடம், ஒன்பது மாதம், பதின்மூன்று நாள்.

அவர் சோம்பேறி இல்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சீசன், பேனாவைத் தொட முடியாது. செப்டம்பரில் உட்காருவார். பாதி அத்தியாயம் திருத்தியிருப்பார், அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ புதிய பதிப்பை வெளியிட்டுவிடுவார்கள். பழையதைப் பற்றி எழுதி என்ன பயன் என்று முதலிலிருந்து தொடங்குவார். நவம்பரில் ஐயப்ப பக்தர்கள் வந்துவிடுவார்கள். 2019இல் எப்படியோ முடிக்கிற நிலைக்கு வந்தபோது, தென்காசி தனி மாவட்டமானது. புத்தகத்தின் உதாரணங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்று முப்பத்தெட்டு இடங்களில் இருந்தது. 2020இல் கொரோனாவுக்காக அருவிகளை அடைத்து லாட்ஜே காலியாகக் கிடந்தது. ஏழு மாதம் முழு ஓய்வு. அந்த ஏழு மாதத்தில் அவர் எழுதி முடித்தது முன்னுரை. பத்தொன்பது பக்கம்.

ஒவ்வொரு ஜூன் 11ஆம் தேதியும் மாஜிதா ஓர் அட்டை போட்டாள். கைப்பேசி எண் தெரிந்தும் கூப்பிடமாட்டாள். பிழை எழுத்தில் வந்தது, கேள்வியும் எழுத்திலேயே வரட்டும் என்பது அவள் கட்சி. "ஐயா, பதிப்பு வந்துவிட்டதா? சுடலைராஜ் கேட்கச் சொன்னார்" என்று ஒரு வருடம். "ஐயா, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பதிப்பு?" என்று ஒரு வருடம். "என் மகன் 143 வரை எண்ணுகிறான்" என்று ஒரு வருடம்.

நல்லக்கண்ணுவின் மனைவி ஜெயசித்ரா காவல்துறையில் தலைமைக் காவலர். அட்டைகளை அவர் வரிசையாகப் படித்துவந்தார். போஸ்ட் என்று தொடங்குகிற பெயரில் ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டால் கார்டு வராமல் வேறென்ன வரும் என்பார். வருடா வருடம் வாய்தா வாங்குகிற எதிரியைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றும் சொல்வார்.

2024 அக்டோபரில் மீரான் ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். மார்ச்சோடு புத்தக வேலையை நிறுத்தப்போகிறார், பெரிய அச்சு இயந்திரத்தை விற்கப் பேசியாகிவிட்டது, இனிமேல் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் மட்டும்தான். ஜனவரி 31க்குள் கோப்பு கைக்கு வந்தால் கடைசிப் புத்தகமாக இதைப் போடுவார். வராவிட்டால் இல்லை. வேறு யாரும் குற்றாலத்து லாட்ஜ் மேலாளரின் கணினிப் புத்தகத்தைத் தேடி வந்து போடப்போவதில்லை என்பது நல்லக்கண்ணுவுக்குத் தெரியும். போடாவிட்டால் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் அறுநூறு பிரதியிலும் அப்படியே நிற்கும், திருத்த இன்னொரு பக்கம் கிடையாது.

அந்த வருடம் அவர் நிஜமாகவே உட்கார்ந்தார். முன்னுரையைப் பத்தொன்பதிலிருந்து ஏழாகக் குறைத்தார். அதற்கு அடக்கம் காரணமில்லை. திருத்திய பாடம் புதிய பதிப்பிலும் சரியாக 143ஆம் பக்கத்திலேயே வந்து விழ வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மூன்று வரியும் ஒரே பக்கத்தில், கட்டம் கட்டி, மேலே ஒரு புதிய அறிவுரையோடு இருந்தன: "முதலில் பார், பிறகு மாற்று." அதாவது, மாற்றுகிற கட்டளையை அடிப்பதற்கு முன், எந்தெந்த வரிகள் மாறப்போகின்றன என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 30ஆம் தேதி, படித்துப் பார்க்கச் சொல்லி மீரான் கொடுத்திருந்த ஒரு கல்லூரிப் பேராசிரியரிடமிருந்து குறிப்பு வந்தது. இன்னும் விவரம் தெரியாத கட்டத்தை அந்த மென்பொருளில் 'நல்' என்பார்கள். ஆங்கிலச் சொல். நல்லக்கண்ணு அதை அப்படியே தமிழில் எழுதியிருந்தார். 'கைப்பேசி எண்: நல்' என்று இருந்தால், எண் நல்ல எண் என்றுதானே படிக்கிறவன் நினைப்பான் என்று பேராசிரியர் கேட்டிருந்தார். நியாயம்தான். அதற்குத் தமிழில் 'வெற்று' என்று போடலாம் என்று முடிவு செய்தார். 61ஆம் பக்கத்தில் விளக்கமும் சேர்த்தார்: வெற்று என்றால் இல்லை என்று பொருளல்ல, பூஜ்யமும் அல்ல, இன்னும் நிரப்பப்படவில்லை என்றே பொருள்.

மறுநாள் மாலை நான்கரை மணிக்கு, கோப்பை அனுப்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால், 'நல்' வருகிற இடத்தையெல்லாம் 'வெற்று' என்று ஆக்கும்படி கணினிக்குச் சொன்னார். எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானை அமுக்கினார். 311 இடங்களில் மாற்றப்பட்டது என்று கணினி சொன்னது. நூறுக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தார். 311 என்று நோட்டில் குறித்தார். யோசிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கட்கிழமை காலை, மீரான் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பேர எப்ப மாத்துனிய?"

"என்ன பேரு?"

"உங்க பேருதான். அட்டையில போடுததுக்காக உள்பக்கத்துல இருந்து எடுத்தேன். சு. வெற்றுலக்கண்ணுன்னு இருக்கு."

நல்லக்கண்ணு விரல் மடக்கினார். அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்து என்னவென்று அறுபது வருடத்தில் முதல்முறையாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்னென்ன இருக்கு?" என்று கடைசியில் கேட்டார்.

"நாப்பத்தஞ்சாம் பக்கத்துல, குத்தாலத்துக்கு வாரவங்க வெற்றுலெண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னு சொல்லுதிய. அருவித் தண்ணிக்கு அது தாங்குமா அண்ணாச்சி? அப்புறம் உங்க உதாரண லாட்ஜு இருக்குல்லா, நல்வரவு லாட்ஜு. அது வெற்றுவரவு லாட்ஜு ஆயிட்டு. யாரும் வரமாட்டான்."

சிரித்து முடித்துவிட்டு மீரான் ஆறுதலும் சொன்னார். கடைசியில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிவிடலாம், எல்லாப் புத்தகத்திலும் உள்ளதுதான் என்றார்.

"பிழையத் திருத்துததுக்குத்தான மீரான் இந்தப் பதிப்பே. அதுல போயி சீட்டு ஒட்டுனா அந்தப் பிள்ள என்ன நெனைக்கும்?"

மீரானுக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரியும். இயந்திரம் வாங்குகிறவரிடம் பேசிவிட்டு, பத்தாம் தேதி வரை தவணை கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றார். "முதல் எட்டுப் பக்கத்த நான் ஏற்கெனவே கட்டி வச்சிட்டேன் அண்ணாச்சி, அதுல உங்க பேர மட்டும் நானே சரி பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லி வைத்தார். சின்ன விஷயத்தையும் நோட்டில் குறிக்கிற நல்லக்கண்ணு, இந்த ஒரு வாக்கியத்தைக் குறிக்கவில்லை.

காப்புப் பிரதி எடுத்து வைக்காதவனைப் பதினோராம் அத்தியாயத்தில் அவர் கடுமையாகப் பேசியிருக்கிறார். அவரிடம் காப்புப் பிரதி இருந்தது. ஜனவரி 9ஆம் தேதியுடையது. 143ஆம் பக்கத்தை இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய இருபத்திரண்டு நாள் வேலை அதில் இல்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வந்த ஜெயசித்ராவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கிய?"

"முதலில் பார், பிறகு மாற்று."

"பாத்தியளா?"

"பாக்கல."

"அப்பம் குத்தத்த ஒத்துக்கிடுதிய."

நல்லக்கண்ணு ஒத்துக்கொண்டார். கணினியிலேயே ஏதாவது குறுக்குவழியில் திருப்பி மாற்ற முடியுமா என்று அவர் யோசிப்பதைப் பார்த்து, அந்தப் பொத்தானை இன்னொரு தடவை தொட்டால் கேஸ் எழுதிவிடுவேன் என்றார் ஜெயசித்ரா. அதனால் ஒவ்வொரு இடமாகக் கண்ணால் பார்ப்பது என்று முடிவாயிற்று. தென்காசிக்குப் போய் இருநூற்று எண்பத்தெட்டுப் பக்கத்தையும் தாளில் எடுத்து வந்தார். பிப்ரவரியில் அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். லாட்ஜில் மூன்று அறையில்தான் ஆள். வரவேற்பு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு காலையெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டார். ஜெயசித்ரா பணி முடிந்து வருகிற வழியில் இறங்கி, அவர் வட்டம் போட்டதை ஒருமுறை சரிபார்த்தார். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வாக்குமூலம் வாசிக்கிற குரலில் சத்தமாக வாசித்தார்.

"அறை வாடகை வெற்றுலபடியாக வசூலானால்."

"நல்லபடியாக."

"வாடிக்கையாளர் கைப்பேசி எண் வெற்று."

"அது வெற்றுதான். விடு."

"மேலாளர் வெற்றுலவராக இருந்தாலும்."

"நல்லவராக."

"இத நான் தீர விசாரிச்சுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மாலை ஐந்தரைக்கு முடிந்தது. உண்மையான வெற்று 94. திரும்ப நல் ஆக்கியது 217. கூட்டினால் 311. நல்லக்கண்ணு மூன்று தடவை கூட்டினார், மூன்று தடவையும் 311 வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதாக ஜெயசித்ரா சொன்னார். அது எங்கும் பதிவாகவில்லை.

பத்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கோப்பு போயிற்று. மார்ச் 24ஆம் தேதி மீரான் முதல் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அட்டையில் சு. நல்லக்கண்ணு என்று பளிச்சென்று இருந்தது. நல்லக்கண்ணு வேறெதையும் பார்க்காமல் நேரே 143ஆம் பக்கத்தைத் திறந்தார். கட்டத்துக்குள் மூன்று வரியும் இருந்தன. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அடுத்த பிரதியை எடுத்து அதிலும் எண்ணினார். ஆறாவது பிரதியில் மீரான் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

மறுநாளே ஒரு பிரதி பதிவுத் தபாலில் பாவூர்சத்திரத்துக்குப் போயிற்று. அதன்பிறகு ஒரு பதிலும் இல்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பதினொரு வருடமாக யாரும் சொல்லாமலே அட்டை போட்டவள், கேட்டது கையில் கிடைத்ததும் பேசாமல் இருந்தாள். சாட்சி பிறழ்ந்துவிட்டதோ என்று ஜெயசித்ரா கேட்டார். நல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் வெளிவாசலில் நின்று, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல் பாவனை செய்தார். அந்த வாரங்களில் லாட்ஜ் வாசலில் இருந்த செம்பருத்தி, வாங்கியதிலிருந்து பார்க்காத தண்ணீரைப் பார்த்தது.

கடைசியில் வந்தது அட்டை இல்லை, உறையில் போட்ட கடிதம். ஜெயசித்ரா அன்று விடுப்பில் இருந்தார். அவர் முன்னிலையில் நல்லக்கண்ணு பிரித்தார்.

"ஐயா, புத்தகம் கிடைத்தது. உடனே எழுதாததற்குக் காரணம், சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்பதுதான். கடையில் இப்போது 2,306 விவசாயிகள். அதில் ஒருவர் பெயரைத் திருத்த வேண்டி வருகிறவரை காத்திருந்தேன். நேற்றுக் காலை வந்தது. அத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 143ஆம் பக்கத்தை அப்படியே அடித்தேன். ஒருவருக்கு மட்டும் மாறியது. மற்ற 2,305 பேரும் அவரவராகவே இருக்கிறார்கள். சுடலைராஜுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"ஐந்தாம் பக்கத்தில் பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த வரியில், 'மாஜிதாவுக்கு என் வெற்றுவாழ்த்துகள்' என்று இருக்கிறது. முதலில் கோபம் வந்தது. பிறகு 61ஆம் பக்கம் படித்தேன். வெற்று என்றால் இல்லை என்று பொருளல்ல, இன்னும் நிரப்பப்படவில்லை என்றே பொருள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதனால் வாங்கிக்கொண்டேன். வேண்டியதை நானே நிரப்பிக்கொண்டேன்.

"143 முடிந்தது. இனி எழுத மாட்டேன். பாவூர்சத்திரம் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள்."

நல்லக்கண்ணு புத்தகத்தை எடுத்து ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். மீரான் முன்பே கட்டி வைத்து, பெயரை மட்டும் திருத்திய எட்டுப் பக்கத்தில் ஐந்தாவது அது. அந்த ஒரு சொல்லை விரலால் தொட்டார்.

"என்ன, விடுதலையா தண்டனையா?" என்று ஜெயசித்ரா கேட்டார்.

"நூத்தி நாப்பத்தி மூணுல விடுதல."

"பெறவு?"

"அஞ்சுல ஜாமீன்."

கடிதத்தை மடித்துப் பதினொரு அட்டைகளுக்கு அடியில் வைத்தார். பிறகு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில், எண்ணிக்கை எதுவும் இல்லாமல் ஒரே ஒரு வரி எழுதினார்: கடைசிக் கடிதம் வந்தது, 2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை.